118 பவுண்டிலேயே இறங்கட்டும்

வாசகர் கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. இந்த ஆண்டுதான் பள்ளி மல்யுத்தக் குழுவில் சேர்ந்தான். மூன்று வாரத்தில் ஃப்ரெஷ்மேன் (முதல் வருடம்), ஜேவி (இரண்டாம் நிலை அணி) பிள்ளைகளுக்கான டோர்னமெண்ட் வருகிறது. இவன் எடை 118 பவுண்டு. 113 பவுண்டுப் பிரிவில் இடம் காலியாக இருக்கிறது என்று கூட விளையாடும் பையன் சொன்னதிலிருந்து ராத்திரி சாதம் தொடுவதில்லை. தண்ணீரையும் குறைத்துவிட்டான். நேற்று பார்த்தால், குப்பைப் பையில் ஓட்டை போட்டுச் சட்டைக்குள் மாட்டிக்கொண்டு ஓடுகிறான். சீசன் தொடக்கத்தில் பள்ளியில் கொடுத்த எடைத் தாளில் கொழுப்பு 9 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. கழுத்தில் வட்டமாக ஒரு தடிப்பும் வந்திருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த க்ரீம் தடவுகிறேன். கோச்சிடம் சொன்னால் விளையாட விடமாட்டார்கள், சொல்லாதே அம்மா என்று அழுகிறான். அவன் அப்பாவோ இந்தக் குஸ்தியே வேண்டாம், நிறுத்து என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. இந்த ஊருக்கு வந்த மூன்று வருடத்தில் இப்போதுதான் அவனுக்கு நண்பர்கள் கிடைத்திருக்கிறார்கள். நாங்கள் சைவம். என்ன செய்வது? அப்புறம் ஒரு சின்னக் கேள்வி: கையில் கோயில் கயிறும் இடுப்பில் அரைஞாண் கயிறும் இருக்கின்றன. கழற்ற வேண்டுமா?

— ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரி,

விளையாட்டை நிறுத்த வேண்டாம். பட்டினியை நிறுத்துங்கள், இன்றைக்கே. குப்பைப் பையைத் தூக்கிப் போடுங்கள். இன்று ராத்திரி அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

குழந்தைகளுக்கான விளையாட்டு மருத்துவம்தான் என் வேலை. பனிக்காலச் சனிக்கிழமைகளில் பள்ளி ஜிம்களில் மல்யுத்த மேட் (விரிப்பு) ஓரம் உட்கார்ந்து பல வருடம் ஆகிறது. உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் எனக்குப் பழக்கம். நல்ல பிள்ளைகள்; சொன்னதைக் கேட்பவர்கள்; குழுவுக்காக எதையும் செய்யத் துணிபவர்கள். அதனால்தான் "ஐந்து பவுண்டு குறைத்தால் இடம் கிடைக்கும்" என்று ஒரு பையன் போகிற போக்கில் சொன்னது அவர்களுக்கு வேதவாக்காகிவிடுகிறது.

முதலில் அந்த எடைத் தாள். அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சீசன் தொடக்கத்தில் ஒரு மதிப்பீடு உண்டு. முதலில் சிறுநீரைச் சோதித்து, உடம்பில் போதுமான தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதன் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025-ஐத் தாண்டினால் அன்று மதிப்பீடே கிடையாது, இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அதில் தேறிய பிறகு எடையும் உடல் கொழுப்பும் அளப்பார்கள். ஆண் பிள்ளைகள் 7 சதவீதக் கொழுப்புக்கும், பெண் பிள்ளைகள் 12 சதவீதக் கொழுப்புக்கும் கீழே போகும் எடையில் போட்டியிடக் கூடாது. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளின் தேசியக் கூட்டமைப்பு 2006-07 சீசனிலிருந்து இதைக் கட்டாயமாக்கியது.

உங்கள் மகன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 118 பவுண்டில் 9 சதவீதம் கொழுப்பு என்றால் சுமார் 10.6 பவுண்டு. மிச்சம் 107.4 பவுண்டு எலும்பும் தசையும் மற்றதும். அந்த 107.4 பவுண்டு மொத்த எடையில் 93 சதவீதமாக இருக்க வேண்டுமானால் மொத்தம் சுமார் 115.5 பவுண்டு வரவேண்டும். இந்த சீசனில் அவன் தொடக்கூடிய மிகக் குறைந்த எடை அதுதான். 113 அதற்கும் கீழே இருக்கிறது. அதற்கு அடுத்த பிரிவு 120. அவன் எத்தனை நாள் பட்டினி கிடந்தாலும் விதிப்படி 113-இல் இறங்க முடியாது. கிடைக்கவே கிடைக்காத ஓர் இடத்துக்காக அந்தப் பிள்ளை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறது. தாளை அவன் முன்னால் வைத்து, அவன் கையிலேயே கால்குலேட்டரைக் கொடுத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். அம்மா வேண்டாம் என்பதைவிட அவன் கையால் வந்த விடையை அவன் நம்புவான்.

இன்னொன்றையும் அவனிடம் சொல்ல வேண்டும். வார்சிட்டி, அதாவது பள்ளியின் முதன்மை அணிப் போட்டியில் ஒவ்வொரு எடைக்கும் பள்ளிக்கு ஓர் ஆள்தான். இடத்துக்கு அங்கே அடிதடி. ஃப்ரெஷ்மேன், ஜேவி டோர்னமெண்ட் அப்படியில்லை. முதல் வருடப் பிள்ளைகளும், வார்சிட்டிக்கு இன்னும் வராதவர்களும் பழகிக்கொள்வதற்கென்றே நடத்துவது அது. ஒரே எடையில் ஒரு பள்ளியிலிருந்து இரண்டு மூன்று பேரைக்கூட பல இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள். சில இடங்களில் எடைப் பிரிவே பார்ப்பதில்லை. காலையில் எடை பார்த்து, கிட்டத்தட்ட ஒரே எடை, ஒரே அனுபவம் உள்ள நாலு பேரை ஒரு குழுவாகப் போட்டு, அவர்களுக்குள் எல்லாரும் எல்லாரோடும் மோதும்படி வைப்பார்கள். 118 பவுண்டு பையனுக்கு 116-லும் 121-லும் ஜோடி கிடைக்கும். உங்கள் டோர்னமெண்ட் எந்த மாதிரி என்று கோச்சுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் தெரிந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜேவி டோர்னமெண்ட்டில் மேட் ஓரம் உட்கார்ந்திருந்தேன். காலை முதல் போட்டி. ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு பையன் முட்டி போட்டபடியே நின்றுவிட்டான். அடி எதுவும் படவில்லை. எழு என்றால் உடம்பு எழவில்லை. உதடெல்லாம் வெடித்திருந்தது. முந்தைய நாள் மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்று பிறகு சொன்னான். அங்கே எடையை வைத்து நாலு நாலு பேராகத்தான் பிரித்திருந்தார்கள். அவன் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும் பக்கத்துக் குழுவில் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். எதற்காகக் குறைத்தாய் என்று கேட்டேன். "எல்லாரும் செய்வாங்க இல்லையா?" என்றான். அவன் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவன்தான் நினைவுக்கு வந்தான்.

குப்பைப் பை விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டால் வியர்க்கும், ஆனால் ஆவியாகாது. சூடு உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தின் அளவு குறையும், இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும், ஒரு கட்டத்தில் முடியாமல் போகும். 1997 நவம்பர் 7-இலிருந்து டிசம்பர் 9-க்குள், நார்த் கரோலினா, விஸ்கான்சின், மிச்சிகன் என்று மூன்று மாநிலங்களில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படித்தான் இறந்துபோனார்கள். காற்றுப் புகாத உடை, சூடான இடம், கடும் உடற்பயிற்சி, தண்ணீர்க் கட்டுப்பாடு என்று மூன்று பேருக்கும் ஒரே கதை. வளர்ந்த, பழகிய விளையாட்டு வீரர்கள் அவர்கள். அதற்குப் பிறகுதான் கல்லூரிகளில் விதிகள் தலைகீழாக மாறின. இன்றைக்குப் பள்ளி மல்யுத்தத்திலும் ரப்பர், பிளாஸ்டிக் உடை, சௌனா என்கிற வெப்ப அறை, பேதி மாத்திரை, சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை, வாந்தி எடுப்பது எல்லாமே தடை செய்யப்பட்டவை. உங்கள் மகன் போட்டுக்கொண்டு ஓடிய பையும் அந்தத் தடையில் வருவதுதான். அவன் அதைத் தெரிந்து செய்திருக்க மாட்டான்.

அவன் அப்பாவிடம் நான் நேரில் பேச முடிந்தால் வினேஷ் போகத்தைப் பற்றிப் பேசுவேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ இறுதிப் போட்டியன்று காலை 100 கிராம் கூடுதலாக நின்று அவர் தகுதி இழந்தது எல்லோர் மனதையும் வாட்டியது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓடி, சௌனாவில் உட்கார்ந்து, முடியையும் வெட்டிப் பார்த்தார்கள் என்பதையும் படித்திருப்பீர்கள். எடைக் குறைப்பு என்றால் எவ்வளவு கொடியது என்று நம் வீடுகளில் புரிந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் ஒரு நாட்டின் தலைசிறந்த வீராங்கனை, பின்னால் ஒரு மருத்துவக் குழு, எதிரே ஒலிம்பிக் தங்கம். உங்கள் மகன் ஒன்பதாம் வகுப்பு. இந்த டோர்னமெண்ட்டில் தோற்றால் அவனுக்கு எதுவும் போய்விடாது. ஜெயித்தாலும் கையில் ஒரு சின்னப் பதக்கம்தான் இருக்கும். அப்பாவின் பயம் நியாயமானது. அந்தப் பயம் எடைக் குறைப்பின் மேல் இருக்கட்டும். விளையாட்டையே வெட்டிவிட்டால், மூன்று வருடம் கழித்துக் கிடைத்த நண்பர்களையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். அப்புறம் இந்த வயதுப் பிள்ளை அடுத்த முறை எதையும் உங்களிடம் சொல்லாது.

14 வயது என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஆண் பிள்ளைகள் மளமளவென்று உயரும் வயது அது. உச்சத்தில் இருக்கும்போது ஒரே வருடத்தில் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் வரைகூட வளர்வார்கள்; எடையும் கூடவே ஏறும், ஏறத்தான் வேண்டும். இப்போது 118-இல் நிற்பவன் பிப்ரவரியில் 122 ஆகியிருந்தால் அது உடம்பு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

சரி, கழுத்துத் தடிப்பு. இதில் நீங்கள் இன்றே ஒன்றை நிறுத்த வேண்டும்: அந்த க்ரீம். ஊரில் மருந்துக் கடைகளில் படர்தாமரைக்கு என்று கேட்டால் கிடைக்கும் பல க்ரீம்களில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். தடவினதும் சிவப்பும் அரிப்பும் அடங்கும்; குணமாகிவிட்டது என்று நினைப்போம். உள்ளே பூஞ்சை சுகமாகப் பரவிக்கொண்டிருக்கும். வட்டத்தின் உருவமும் கலைந்துபோய், பார்க்கிற டாக்டருக்கே இது என்னவென்று சட்டெனத் தெரியாமல் போகும். டியூபின் மேல் 'க்ளோபெட்டசால்' 'பீட்டாமெத்தசோன்' என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டரிடம் போகும்போது அந்த டியூபையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். மஞ்சள், வேப்பிலை இரண்டும் இப்போதைக்கு வேண்டாம்.

வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் வெளிறியிருந்தால் அநேகமாகப் படர்தாமரைதான். மல்யுத்தக் குழுக்களில் சளி, இருமல் மாதிரி சாதாரணமாக வருவது. வெட்கப்பட எதுவும் இல்லை, சுத்தக் குறைவு என்றும் அர்த்தமில்லை. விதி என்ன சொல்கிறது தெரியுமா? தோலில் வந்த படர்தாமரைக்கு 72 மணி நேரம் சரியான சிகிச்சை நடந்து, டாக்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போட்டியிடலாம். தலையில் வந்தால்தான் 14 நாள். உங்களுக்கு மூன்று வாரம் இருக்கிறது. இந்த வாரமே காட்டினால் டோர்னமெண்ட்டுக்கு வெகு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிடும். மறைத்தால் என்ன ஆகும்? டோர்னமெண்ட் காலையில் எடை பார்க்கும்போதே ஒவ்வொருவர் தோலையும் பார்ப்பார்கள். கழுத்தில் இருப்பது தப்பாது. படிவம் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். மேலே பிளாஸ்டர் ஒட்டி மறைத்தாலும் விடமாட்டார்கள். சொன்னால் விளையாட முடியாது என்று அவன் அழுகிறான். சொல்லாவிட்டால்தான் முடியாது. இதை அவனுக்கு இப்படியே சொல்லுங்கள்.

ஒருவேளை அது வட்டமாக இல்லாமல், சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள் கொத்தாக, எரிச்சலோடு இருந்தால் நாளைக்கே போங்கள், இன்னொரு பிள்ளையோடு அதுவரை மேட்டில் இறங்க வேண்டாம். அது ஹெர்ப்பீஸ் வைரஸாக இருக்கலாம். முகம், கழுத்து, கை என்று உரசும் இடங்களில் வரும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் பார்வைக்கே ஆபத்து. 1989-இல் மினசோட்டாவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு மல்யுத்த முகாமில் 175 பேரில் 60 பேருக்கு இது தொற்றியது. 2007-இல் அதே மாநிலம் முழுக்கப் பள்ளி மல்யுத்தத்தை எட்டு நாள் நிறுத்திவைக்கும் அளவுக்குப் பரவியது. ஒரு பையன் மறைத்தால் பத்துப் பேருக்குப் போகும், அந்தப் பத்துப் பேரும் இவனுடைய நண்பர்கள்.

இனிமேல் பயிற்சி முடிந்ததும் பள்ளியிலேயே சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரட்டும். முடியாவிட்டால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். பயிற்சி உடையை அன்றன்றைக்குத் துவையுங்கள். துண்டும் சீப்பும் அவனுக்குத் தனி. தலைக்கவசத்தை, அதாவது காதை மூடும் ஹெட்கியரை, தினமும் துடைத்து வையுங்கள். வாரக்கணக்கில் பையிலேயே ஈரமாகக் கிடப்பது அதுதான்.

கோச்சிடம் பேசுவதைப் பற்றி. நம்மில் பலருக்கு இது தயக்கம்தான். வாத்தியாரிடம் போய்க் கேள்வி கேட்பதா, பிள்ளையை அப்புறம் ஒதுக்கிவிடுவாரோ என்ற எண்ணம். இங்கே பெற்றோர் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. குறைகூறலாக இல்லாமல் இரண்டே வரியில் கேளுங்கள்: "மதிப்பீட்டுத் தாள்படி இவனுடைய குறைந்தபட்ச எடை என்ன? டோர்னமெண்ட்டில் இப்போதுள்ள எடையிலேயே, 120 பிரிவிலோ எடைக் குழுவிலோ இவனைச் சேர்ப்பீர்களா?" கோச்சுக்கு இவன் பட்டினி கிடப்பதே தெரியாமல் இருக்கலாம், நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த யோசனை சக மாணவனிடமிருந்து வந்ததுதான். பெரும்பாலான கோச்சுகள் இதைக் கேட்டதும் பையனைக் கூப்பிட்டு அவர்களே சொல்லிவிடுவார்கள், அது உங்கள் சொல்லைவிட நூறு மடங்கு எடுபடும். அப்படியில்லாமல், "குறைத்தால் நல்லதுதான்" என்று பதில் வந்தால், பள்ளியின் அத்லெட்டிக் ட்ரெய்னரிடம் (விளையாடும் பிள்ளைகளின் உடல்நலத்தைக் கவனிப்பவர்) தாளோடு போங்கள். விதி உங்கள் பக்கம் இருக்கிறது.

சைவ உணவு பிரச்சினையே இல்லை. அளவுதான் பிரச்சினை. தினம் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்யும் வளரும் பையனுக்கு நம் வீட்டுச் சாப்பாட்டில் மாவுச்சத்து தாராளமாகக் கிடைக்கும், புரதம்தான் பின்தங்கும். சாம்பார் என்று நாம் ஊற்றுவதில் பருப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கெட்டிப் பருப்பு, சுண்டல், பனீர், டோஃபு, தயிர், பால், வேர்க்கடலை என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் இன்னும் சுலபம். இவன் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 65 முதல் 85 கிராம் புரதம் போதும். அதற்குப் பொடி டப்பா வாங்க வேண்டியதில்லை. கால்சியம் 1,300 மில்லிகிராம் தேவைப்படும் வயது, அதனால் பாலையும் தயிரையும் குறைக்க வேண்டாம். டாக்டரிடம் போகிற சாக்கில் இரும்புச் சத்து, பி12, வைட்டமின் டி மூன்றையும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள். சைவப் பிள்ளைகளில் பி12 குறைவாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்; பனிக்காலத்தில் வைட்டமின் டி-யும் குறையும்.

டோர்னமெண்ட் நாள் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதல் முறை போகும் பெற்றோர் மிரண்டுவிடுகிறார்கள். இருட்டோடு கிளம்ப வேண்டியிருக்கும். ஜிம் முழுக்க மேட் விரித்து, ஆறு எட்டு போட்டிகள் ஒரே நேரத்தில் நடக்கும். விசில், கத்தல், மைக் என்று காது அடைத்துவிடும். எடை பார்த்து முடிந்ததும் அவனுக்கு ஒன்று இரண்டு மணி நேரம் கிடைக்கும். அப்போது இட்லி நாலும் கொஞ்சம் சட்னியும், இல்லையென்றால் வாழைப்பழமும் ரொட்டியும் போதும். எண்ணெய், பொரியல் வேண்டாம். தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு போட்டிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அரை மணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். அந்த இடைவெளிக்குப் பேரீச்சம்பழம், ஆரஞ்சு, சின்ன டப்பாவில் தயிர் சாதம். தயிர் சாதத்தைக் கூட்டத்தில் எடுக்க அவன் கூச்சப்பட்டால் காருக்குப் போய்ச் சாப்பிடட்டும்.

போட்டி மூன்று சுற்று, சுற்றுக்கு இரண்டு நிமிடம். ஜேவியில் சில இடங்களில் இதைக் குறைத்துக்கொள்வார்கள். எதிராளியைக் கீழே கொண்டுவந்து கட்டுக்குள் வைத்தால் டேக்டவுன், 2024-25 சீசனிலிருந்து அதற்கு மூன்று புள்ளி. கீழே இருப்பவன் நழுவி எழுந்துவிட்டால் ஒன்று. கீழே இருந்தவன் புரட்டி மேலே வந்துவிட்டால் இரண்டு. எதிராளியின் இரண்டு தோள்பட்டைகளையும் இரண்டு விநாடி மேட்டில் அழுத்திவிட்டால் அதற்குப் பெயர் 'பின்' (pin), அதோடு போட்டி முடிந்தது. நடுவர் உள்ளங்கையால் மேட்டை ஓங்கித் தட்டுவார். அந்தச் சத்தம் அடிபட்ட சத்தம் இல்லை, பயப்படாதீர்கள். உங்கள் மகன் முதல் போட்டியில் ஒரு நிமிடத்துக்குள் 'பின்' ஆகலாம். முதல் வருடத்தில் பெரும்பாலோருக்கு அதுதான் நடக்கும். கண்ணை மூடிக்கொள்ளாமல் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது போட்டியில் அவன் எத்தனை முறை நழுவி எழுகிறான் என்று எண்ணுங்கள். இந்த வருடம் அவன் கற்றுக்கொள்ள வேண்டியது அப்படி எழுவதைத்தான். காருக்கு வந்ததும் தோற்றதைப் பற்றிப் பேசாமல் அந்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

மூக்கில் ரத்தம் வருவது சகஜம், நிறுத்தித் துடைத்துவிட்டுத் தொடர்வார்கள். இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தலையில் அடிபட்டு, மயக்கம், தலைவலி, குழப்பம், வாந்தி எது இருந்தாலும் அன்றைக்கு அவன் மறுபடி இறங்கக் கூடாது, "சரியாகிவிட்டது" என்று அவனே சொன்னாலும். மறுபடி மேட்டுக்குத் திரும்புவது டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான். இன்னொன்று காது. உரசி உரசி ரத்தம் கட்டி மெத்தென்று வீங்கினால், ஓரிரண்டு நாளுக்குள் டாக்டரிடம் காட்டி வெளியேற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் இறுகி, காது காலிஃப்ளவர் மாதிரி சுருங்கி நின்றுவிடும். பயிற்சியின்போதும் ஹெட்கியர் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பல்லில் கம்பி கட்டியிருந்தால் வாய்க் காப்பு கட்டாயம்.

இதெல்லாம் சொன்ன பிறகும் அவன் ஒளித்து ஒளித்துச் சாப்பாட்டைத் தள்ளினால், கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தால், தலைசுற்றுகிறது என்றால், சீசன் முடிந்த பிறகும் எடை இறங்கிக்கொண்டே போனால், அது விளையாட்டைத் தாண்டிய விஷயம். உடனே குழந்தை மருத்துவரிடம் இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். ஆண் பிள்ளைக்கு உணவுக் கோளாறு வராது என்று நினைத்து வீட்டார் பல மாதம் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக அந்தக் கயிறு. கையில் எதுவும் இருக்கக் கூடாது. ஆபரணம் விதிப்படி அனுமதி இல்லை, மணிக்கட்டுக் கயிற்றையும் நடுவர்கள் கழற்றத்தான் சொல்வார்கள். விதியை விடுங்கள், எதிரே இருக்கும் பிள்ளையின் விரல் அதில் மாட்டினால் அந்த விரல் போய்விடும். வியர்வையில் ஊறி எப்போதும் ஈரமாக இருக்கும் துணிக் கயிறு பூஞ்சைக்கும் நல்ல இடம். அரைஞாண் கயிறும் அப்படித்தான், இடுப்பைப் பிடித்துத் தூக்கும் விளையாட்டு இது. சீசன் முடியும்வரை இரண்டையும் கழற்றி வைப்பது நல்லது. அவன் பாட்டிக்கு மனசு கஷ்டமாக இருந்தால், டோர்னமெண்ட் காலையில் கோயில் கயிற்றை நீங்களே கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் போட்டி முடிந்து அவன் குளித்துவிட்டு வந்ததும் கட்டிவிடலாம்.